கடிகாரத்தோடு போனவர்கள்

ஜூன் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்து குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது கமிட்டி செயலர் பிடித்துக்கொண்டார். "சபைக்கு அறுபதாவது வருஷம் வருது. வரலாறு ஒண்ணு போடணும். நீங்கதான் எழுதறீங்க."

மருந்துக்கடைக்காரிக்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டேன். "டாக்டருங்க கையெழுத்தையே படிச்சிடறீங்க, இது என்ன பெரிய விஷயம்" என்றார். ஐஸ் வைத்து வேலை வாங்குவதில் மனுஷன் கில்லாடி. தலையை ஆட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. சபை பிரிந்த கதையையும் எழுத வேண்டும். அப்படியென்றால் அக்காவையும்.

ஜூன் 4, செவ்வாய்

ஆரம்பம் சுலபம். தச்சர் பட்டறையில் நாலு குடும்பம் மரத்தூளில் முழங்கால் போட்டு ஜெபித்தது. பிறகு இடம் வாங்கியது, கூரை போட்டது. எல்லாரும் ஒற்றுமை. ஒற்றுமையை எழுத அரைப் பக்கம் தாராளம்.

அப்புறம் வந்தது கடிகாரம். யாரோ ஒரு புண்ணியவான் சபைக்கு நல்ல சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுத்தார். எங்கே மாட்டுவது? பிரசங்க பீடத்துக்குப் பின்னால் மாட்டினால் சபை முழுக்க மணி பார்க்கும், போதகருக்கு அவமானம். எதிர்ச்சுவரில் மாட்டினால் போதகர் கண்ணில் மட்டும் படும், அது அவருக்கு அதைவிட அவமானம். மாதக்கணக்கில் கூட்டம் போட்டோம். கடைசியில் அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், யாரையும் கேட்காமல் எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டார். எலெக்ட்ரீஷியன், கை சும்மா இருக்காது. அப்போதிருந்த போதகர் கழற்றச் சொன்னார். கழற்றினார். கழற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். பின்னாலேயே பாதிச் சபை போனது. அக்காவும் போனாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர்கள் எதிர்த்தெருவில் இரும்புக்கடை மாடியில் ஆராதிக்கிறார்கள். சீக்கிரம் முடித்துவிட்டு, சந்தையில் நல்ல காய்கறியெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். நாங்கள் போகும்போது வதங்கினதுதான் கிடைக்கிறது. இதையும் வரலாற்றில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

ஜூன் 8, சனி

செயலர் கடைக்கே வந்தார். இருமல் மருந்து வாங்குவது ஒரு சாக்கு.

"பிரிஞ்சதைப் பத்தி ஒரே வரி போதும். 'சிலர் சுயநலத்தால் விலகிச் சென்றனர்.' முடிஞ்சுது."

"அந்தச் சிலர்ல எங்கக்கா இருக்கா."

"அதான் பேர் போடலையே" என்றார், ஏதோ எனக்குச் சலுகை கொடுப்பது மாதிரி.

நானும் அக்காவும் பேசிக்கொள்ளாமல் இல்லை. முட்டி வலி, சர்க்கரை, பிள்ளைகள் எல்லாம் பேசுவோம். சபை என்ற பேச்சு வந்தால் இரண்டு பேருக்கும் வாய் பூட்டிக்கொள்ளும். என் மகள் கல்யாணத்துக்குக்கூட அவள் எங்கள் சபைக்குள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வந்த பிறகு கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் ஒரு தடவை உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்த வரி அச்சில் வந்துவிட்டால் இருக்கிற முட்டி வலிப் பேச்சும் போய்விடும்.

ஜூன் 15, சனி

தச்சரைப் பார்க்கப் போனேன். நாலு குடும்பத்தில் அவர் ஒருத்தர்தான் பாக்கி. தொண்ணூறு வயசு, காது இன்னும் கூர்மை.

"இதையெல்லாம் நேத்துதானேம்மா சொன்னேன்."

"யாருகிட்ட?"

"உங்கக்காகிட்ட. அவங்களும் வரலாறு எழுதறாங்களாம்."

அடிப்பாவி! அறுபது வருஷம் அவர்களுக்கும்தானே. ஒரே பட்டறை, ஒரே மரத்தூள். எனக்குத்தான் புத்தியில் படவில்லை.

"கடிகார விஷயத்துல யார் பக்கம் நியாயம்?" என்று கேட்டேன். போதகர் பக்கம்தான் என்றார். அக்காவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, கொஞ்சமும் கூசாமல், "உங்க அத்தான் பக்கம்னு சொன்னேன். தேடி வர்றவங்க மனசு நோகக் கூடாதில்ல" என்றார்.

ஜூன் 16, ஞாயிறு

அக்கா போனை எடுக்கவில்லை. என்னைப் பற்றி அவளும் ஒரு வரி வைத்திருப்பாள்.

ஜூன் 20, வியாழன்

பொறுக்க முடியவில்லை. நேரே அவள் வீட்டுக்கே போய்விட்டேன்.

"எங்களை என்னன்னு எழுதியிருக்க?"

"நீ எங்களை என்னன்னு எழுதியிருக்க?"

சொன்னேன். அவளும் சொன்னாள்: 'பிடிவாதத்தால் பின்தங்கியோர்.' அவர்கள் செயலர் எடுத்துக்கொடுத்த வரியாம். செயலர்களையெல்லாம் ஒரே அச்சில்தான் வார்ப்பார்கள் போல. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே?

"என் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட உள்ள வரலையே நீ. வெளியாள் மாதிரி கேட்டுல நின்னியே. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"நீ என்னைக்காவது அந்த மாடிப்படி ஏறினியா?"

ஏறினதில்லை. ஒரு நாளும் இல்லை. கூடத்தில் அத்தான் டிவி சத்தத்தைக் கூட்டினார். நான் அழுதேன். அவள் பாத்திரம் கழுவினாள். கழுவினதையே திரும்பக் கழுவினாள்.

அப்புறம், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "பிரிஞ்ச கதை வர்ற அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் மாத்திக்குவோம். உங்க புத்தகத்துக்கு நான் எழுதறேன். எங்க புத்தகத்துக்கு நீ எழுது."

"கமிட்டி ஒத்துக்காது."

"முதல்ல எழுதுவோம். அப்புறம் பார்த்துக்கலாம்."

ஜூலை 7, ஞாயிறு

அத்தியாயம் மாற்றிக்கொண்டதைச் சொன்னதும் செயலர் குதி குதியென்று குதித்தார். இப்போதிருக்கும் போதகர் சின்ன வயசுக்காரர், பிரிந்தபோது பிறக்கக்கூட இல்லை. "எனக்கு நம்ம பக்கக் கதை மட்டும்தான் தெரியும். அவங்க பக்கத்தையும் கேட்போமே. எழுதினவங்களே வந்து வாசிக்கட்டும்" என்றார். செயலருக்கு இருமல் வந்துவிட்டது, இந்தத் தடவை நிஜமாகவே.

ஜூலை 28, ஞாயிறு

அக்கா சபையிலும் ஒத்துக்கொண்டார்கள். இரும்புக்கடை மாடி ஏறினேன். செங்குத்தான படி, முட்டி கெஞ்சியது. என் அத்தியாயத்தை வாசித்தேன். அத்தான் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்தது. பிரசங்கம் சட்டென்று முடிந்தது. சுகமாகத்தான் இருந்தது. இதைக் கமிட்டியிடம் மூச்சு விடக் கூடாது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வந்தாள். கேட்டருகே ஒரு நிமிஷம் தயங்கினாள். நான் போய்க் கூப்பிட வேண்டுமா, கூப்பிட்டால் முறைத்துக்கொள்வாளா என்று தவித்தேன். அதற்குள் உள்ளே வந்துவிட்டாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். யாரையும் குறை சொல்லவில்லை, யாரையும் புகழவும் இல்லை. பிரிந்த நாளைப் பற்றி இரண்டே வரி: "நியாயம் எங்கள் பக்கம் இருந்தது. என் தங்கை இந்தப் பக்கம் இருந்தாள்."

அதற்குப் பிறகு அவள் வாசித்தது ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

வாசித்து முடித்து நேரே என் பெஞ்சுக்கு வந்தாள். "தள்ளி உட்காரு" என்றாள். உட்கார்ந்ததும் காதோடு கேட்டாள்: "பிழை ஏதாவது இருந்துச்சா?"

"ரெண்டு இடத்துல."

"எந்த ரெண்டு?"

"அடுத்த ஞாயிறு வா, சொல்றேன்."

உண்மையில் நான் கேட்டவரை ஒரு பிழையும் இல்லை.