ஆகாய விமானத்தில் வந்த கொழுந்தன் மனைவி

ஆவணி 12

கொழுந்தன் மனைவி இரங்கூனிலிருந்து கல்கத்தா வரை ஆகாய விமானத்தில் வந்து, அங்கே ரயிலேறி, இன்று வீடு வந்து சேர்ந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, கையில் ஒரே பெட்டி. அந்தச் சீட்டுக் காசில் இந்த வீட்டார் அத்தனை பேரும் கப்பலில் போய்வரலாம்.

"ஆளையே தராசுல ஏத்தி எடை பாத்துத்தான் விடுறாக, ஆச்சி. பிள்ளையவும் சேத்துத்தான். அதான் யாருக்கும் ஒண்ணும் வாங்கியாரல," என்றாள்.

"பிள்ளையோட நல்லபடியா வந்ததே போதும்," என்று மாமியார் உருகிப்போனார். போன வருஷம் நான் மூன்று பிள்ளைகளோடு கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் எனாமல் தூக்குவாளி சுமந்து வந்தபோது, "மூடி நசுங்கியிருக்கே," என்றவரும் இவர்தான்.

விமானத்தில் காது அடைத்துக் குழந்தை வழியெல்லாம் அழுததாம். அதைக் கேட்டபோது மட்டும் எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியது.

மத்தியானம் எல்லோரும் படுத்தபின், மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் என் சின்னவளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். தட்டு தரையில் போய் உட்கார்ந்துகொண்டது.

"எப்ப ஆத்தா மேல போகும்?" என்றாள்.

யாரிடமும் சொல்லாதே என்று கற்கண்டு கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு நேரே கொழுந்தன் மனைவியிடம்தான் ஓடினாள்.