வயரைக் கழற்றிவிட்டுப் போட்ட சதுரம்

உன்னை அடக்கம் செய்த மறுவாரம் உன் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் அக்கா ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை நீட்டி, "ஒம் பேரு போட்டிருக்கு, நீயே வெச்சிக்கோ" என்றார். உள்ளே, நாம் ஆய்வுக்காகச் சேர்ந்து செய்த மெல்லிய படலம், நகத்தளவில். மூடியில் உன் கோணல் எழுத்து: 'வயர் இல்லை. அழுத்தம் மட்டும்.' என்னைத் திட்டி ஒரு வரிகூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சுபாங் ஜெயா ஆய்வுக்கூடத்தில் நீ இயந்திரத்தில், நான் நோட்டில். படலத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலோ கீழோ ஒரு மின் திசை உண்டு. வயரை மாட்டி, இயந்திரத்தின் ஊசிமுனை வழியாக வோல்டேஜ் கொடுத்தால் திசை திரும்பும். நாள் முழுக்க அதே வேலை. ரயில்வே பதிவேட்டில் உன் அப்பா கடைப்பிடித்ததை என் நோட்டிலும் புகுத்தினாய்: "தப்புன்னா அழிக்காத. ஒரே கோடு போட்டு, பக்கத்துல கையெழுத்து வை."

ஒரு மதியம் திரையில் கறுப்பாக ஒரு சதுரம். அந்த இடம் மட்டும் திசை திரும்பியிருந்தது.

"வோல்டேஜே குடுக்கல. வயர கழட்டித்தான் வெச்சிருக்கேன். ஊசிய கொஞ்சம் ஓவரா அழுத்திட்டேன், அவ்ளோதான்."

"சும்மா கதை விடாத லா. குடுத்துட்டு மறந்திருப்ப."

என் மூக்கு நுனிக் கோபம் உனக்குத் தெரியாததா? எழுந்துகூடப் பார்க்காமல் 'இயக்கியவரின் பிழை' என்று நோட்டில் எழுதினேன். நீ, "சரி, சாப்பிடப் போலாம் வா" என்றாய். அடுத்த மாதமே தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாய். ஆனாலும் கிள்ளானில் என் வீட்டுக்கு உன் கிறிஸ்துமஸ் கேக் வருவது நிற்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் வெட்கமில்லாமல் தின்றேன். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

இன்று உன் படலத்தை ஊசியின் கீழே வைத்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சதுரம் அப்படியே இருக்கிறது. வயரைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டு, பக்கத்து இடத்தில் நானும் ஊசியை அழுத்திப் பார்த்தேன். இன்னொரு சதுரம் வந்தது. ஊசி அழுத்துகிற இடத்தில் படலம் துளியளவு வளைகிறது. அந்த வளைவே திசையைப் புரட்டிவிடுகிறது. நீ சொன்னது அத்தனையும் உண்மை.

பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். 'இயக்கியவரின் பிழை' மேல் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். என்னை மன்னித்துவிடு. உன் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவே நாலடிதான். அன்றைக்கு எழுந்து வந்து அந்த வயரைப் பார்த்திருக்கலாம்.