நீர் அவிழ்த்த சிவப்பு நாடா

நண்பரே,

இன்று காலை கடை உரிமப் பத்திரம் வந்தது. சிவப்பு நாடா போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நான் கத்தரிக்கோலைத் தேடி அலைந்ததைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர். நீர் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிவிட்டது.

சர்க்கார் ஆபீஸ் விட்டு சிராங்கூன் சாலையில் என் துணிக்கடைக்கு வந்தால், துரைமார் பேச்சைக் கிண்டல் செய்யாமல் நீர் வீட்டுக்குப் போனதில்லை. காரியத்தை இழுத்தடித்தால் அதை ‘ரெட் டேப்’ என்பார்களாம். பாவம், நாடா என்ன செய்தது என்று கேட்டேன். அவர்கள் நாட்டில் அந்தக் காலத்தில் அரசருடைய முக்கியமான காகிதங்கள் தனித்துத் தெரியச் சிவப்பு நாடாவால் கட்டினார்கள் என்றீர்.

“முதல்ல பாக்கணும்னு கட்டினது, பாய். இப்ப அதைக் கட்டினா கடைசியிலதான் பாக்குறாங்க.”

அன்று சிரித்தேன். அடுத்த மாதமே என் மனைவி கைக்குழந்தையோடு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தாள். கப்பலில் யாருக்கோ அம்மை. எல்லாரையும் தீவில் இறக்கித் தனியே வைத்தார்கள். கெடு முடிந்து மற்றவர்கள் கரைக்கு வந்துவிட்டார்கள். இவர்கள் பெயர் மட்டும் பட்டியலில் விடுபட்டிருந்தது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, துவண்டு கிடக்கிறாள் என்று வந்தவர்கள் சொன்னார்கள். அவர்களை விடச் சொல்லி நான் கொடுத்த மனுவோ உம்முடைய ஆபீஸில் நாடாக் கட்டுக்குள் கிடந்தது. துரை கட்டியதைத் துரைதான் அவிழ்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவர் ஒரு வாரம் மலாக்காவுக்குப் போயிருந்தார்.

மறுநாள் காலை அந்தக் கட்டை நீர் அவிழ்த்தீர். மனுவை உருவி, இன்னொரு துரையிடம் கையெழுத்து வாங்கி, நீரே படகுத்துறைக்கு ஓடி வந்தீர். சாயங்காலம் என் மகள் என் கையில் இருந்தாள்.

துரை திரும்பியதும் உம்மைப் பழைய காகித அறைக்குத் தள்ளினார். தலைமைக் குமாஸ்தா ஆகியிருக்க வேண்டியவர் நீர். என்னால் வந்த வினை என்று மன்னிப்புக் கேட்டேன்.

“விடுங்க பாய். புள்ள பால் குடிக்கிறாளா?” என்றீர்.

இன்று கத்தரிக்கோல் கிடைக்கவே இல்லை. நீர் கரை சேர்த்த என் மகள்தான், இப்போது ஏழு வயது, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். நாடாவைச் சடையில் கட்டிக்கொண்டு ஓடிவிட்டாள்.

சாயங்காலங்களில் நீர் இங்கே உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதித் தந்த பழக்கத்தில், மனு எழுதித் தரச் சொல்லி இப்போதும் கடைக்கு யாராவது வருகிறார்கள். கையிலிருக்கும் முழக்கோலைப் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக்கு வாங்க என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.