"செல்கிறேன்" என்றான் சிவசைலம்

பேட்டை
20.5.1999

அன்பு மகன் யஹ்யாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ் கிருபையால் நானும் உம்மாவும் சுகம். என் கதையும் சுகம். படிக்கிறவர்கள் பாடுதான் தெரியவில்லை. எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையை நூலகத்துப் பழைய பேப்பரைப் புரட்டி எழுதுகிறேன். பேப்பரில் இல்லாததற்கு நானே ஜெனரல். எட்டாம் வகுப்பு படித்த லேத் பட்டறைக்காரனுக்கு இவ்வளவு பட்டாளம் அதிகம் என்கிறாள் உம்மா.

உன் கூட்டாளி சிவசைலம் தன்னையும் கதையில் போடச் சொன்னானே, போட்டுவிட்டேன். ஒற்றன் ஒருவன் டெலிபோன் கம்பியை அறுத்துவிடுகிறான். அதை ஒட்ட, பட்டாளத்தில் உங்கள் இருவர் வேலையும் அதுதானே, குண்டுமழைக்குள் சிவசைலம் புறப்படுகிறான். "செல்கிறேன், நண்பர்களே" என்கிறான். அத்தோடு அத்தியாயம் முடிகிறது. இதோடு வைத்திருக்கிறேன்.

கார்கில் பக்கம் ஏதோ சலசலப்பு என்று பேப்பரில் பார்த்தேன். அது உங்கள் பக்கம் இல்லை என்று ஒரு வரி எழுது.

துஆவுடன்
அகமது மீரான்


56 ஏ.பி.ஓ.
2.6.1999

அன்புள்ள வாப்பாவுக்கு, சலாம்.

எங்கே இருக்கிறோம் என்று எழுதக் கூடாது. குளிர் அதிகம், சத்தமும் அதிகம். உம்மாவிடம் குளிரை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் அத்தியாயத்தைப் பதுங்குகுழியில் வாசித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே கேட்ட சிவசைலம் கடைசி வரியில் சிரிப்பை நிறுத்திவிட்டான். "ஏலே, உங்க வாப்பா என்னைய எங்கலே அனுப்புதாரு? நம்மூர்ல எவனாவது வாசல்ல நின்னு போறேம்பானா? போயிட்டு வாறேன்னுல்லா சொல்லுவான்?" எல்லோரும் கேலி செய்தோம். அவன் அன்று சாப்பிடவில்லை.

நேற்று நிஜமாகவே கம்பி அறுந்தது. அவன் முறை. எழுந்திருக்க அவனுக்குக் கால் வரவில்லை, வாப்பா. கோழை இல்லை அவன். பயம் தெளியும்வரை அவன் முறைக்கும் நானே போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சீக்கிரம் அவனைக் கதையில் திரும்பி வரவையுங்கள்.

மறுபடி அறுந்துவிட்டதாம், கூப்பிடுகிறார்கள். போயிட்டு வாறேன்.

யஹ்யா


பேட்டை
11.6.1999

அன்பு மகனே,

கடிதத்தை எனக்கு முன்னால் உம்மா வாசித்துவிட்டாள். "ஒத்தச் சொல்லுல எம்பிள்ளையத் தூக்கி முன்னால வச்சிட்டீங்களே" என்றாள். அன்றிலிருந்து சோறு வைக்கிறாள், பேச்சு இல்லை.

சிவசைலத்திடம் சொல், இது விதியுமில்லை, என் கருநாக்குமில்லை. முதலில் 'போயிட்டு வாறேன்' என்றுதான் எழுதினேன். புத்தகமாகப் போகிற கதைக்குப் பட்டறைப் பேச்சு ஆகாது என்று அதை அடித்துவிட்டு, 'செல்கிறேன்' என்று போட்டேன். 'சென்று வருகிறேன்' என்று நீட்ட எனக்குத் தோன்றவில்லை. உன் வாப்பாவின் இலக்கியம் அவ்வளவுதான்.

புது அத்தியாயம் இதோடு இருக்கிறது. சிவசைலம் திரும்பி வந்துவிட்டான். அடுத்து யாரையும் வெளியே அனுப்ப எனக்குத் துணிவில்லை. அதனால் அத்தியாயம் முழுக்க எல்லாரும் உட்கார்ந்து சாயா குடிக்கிறார்கள். ஒற்றனும் குடிக்கிறான்.

இதை அவனுக்கு வாசித்துக் காட்டு. அதன்பிறகு உன் முறைக்கு மட்டும் போ.

வாப்பா


பேட்டை
25.6.1999

யஹ்யா,

உன் கடிதம் இல்லை. தபால்காரரைக் கண்டால் பட்டறைக்குள் ஒளிகிறேன். அவர் வராத நாளில் தெருமுனையில் போய் நிற்கிறேன்.

இன்று காலை பூ வைத்த பெட்டியோடு ராணுவ லாரி ஒன்று பேட்டைக்குள் வந்தது. நம் தெருமுனையில் பைய ஊர்ந்தது. "அண்ணாச்சி, உக்காருங்க" என்று பக்கத்து லேத் முகம்மது மைதீன் என் கையைப் பிடித்தான். லாரி திரும்பவில்லை. சேரன்மகாதேவி ரோட்டில் நேரே போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன், தெருவே கேட்கும்படி.

அப்புறம்தான் போனது யார் என்று விசாரித்தேன். சிவசைலம்.

அவன் போயிருக்கிறான் என்றால், நீ எங்கே? ஒரு வரி எழுதிப்போடு. வெறும் கையெழுத்துப் போதும்.

வாப்பா


56 ஏ.பி.ஓ.
4.7.1999

அன்புள்ள வாப்பாவுக்கு,

இருக்கிறேன். இடது காது மட்டும் கேட்கவில்லை.

நான் வெளியே கம்பி ஒட்டிக்கொண்டிருந்தேன். அவன் பதுங்குகுழிக்குள் இருந்தான். குண்டு அங்கே விழுந்தது. உங்கள் சாயா அத்தியாயம் மறுநாள்தான் வந்தது.

உங்கள் சொல் அவனைக் கொல்லவில்லை, வாப்பா. ஆனால் தன் முறைக்குத் தானே போயிருந்தால் இருந்திருப்பான் என்று நினைக்காமலும் முடியவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி லீவில் வருகிறேன். அவன் துணிமணிகளைச் சேரன்மகாதேவியில் அவன் வீட்டில் சேர்க்கச் சொல்லி என்னிடம் தந்திருக்கிறார்கள். அவன் முறையில் நீ ஏன் போனாய் என்று அவன் அம்மா கேட்பார்கள். தனியாக அந்தப் படி ஏறப் பயமாக இருக்கிறது. இங்கேகூட இப்படிப் பயந்ததில்லை.

யஹ்யா


பேட்டை
13.7.1999

அன்பு மகனே,

வருகிறேன். ஜங்ஷன் ஸ்டேஷனில் நிற்பேன், இரண்டு பேரும் சேர்ந்தே அங்கே போவோம். அந்த அம்மா கேட்டால் நான் பதில் சொல்கிறேன். கதையாக இல்லை, நடந்ததை நடந்தபடி. அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். எனக்கும் பயம்தான், என் வீரமெல்லாம் தாளில்தானே.

ஸ்டேஷனுக்கு உம்மாவையும் கூப்பிட்டேன். இத்தனை நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள். "மொதல்ல அங்கன கூட்டிட்டுப் போங்க. அவனப் பெத்தவ முகத்தப் பாத்துட்டு வரட்டும். அதுக்கு முன்னாடி எம்பிள்ளைய நான் தொட மாட்டேன்."

சேரன்மகாதேவி பஸ் நம் தெருமுனையில் நிற்கும். உம்மா அங்கே நிற்பாள். நீ இறங்காதே.

வாப்பா