இருபத்தெட்டா, இருநூற்றெண்பதா

டிலன், மொன்டானா
ஜூலை 9

அன்புத் தம்பி லோவெலுக்கு,

அக்கா ஆர்டிஸ் எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் மார்லிஸும் கிளென்டைவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உனக்குப் பிடிக்காத பேச்சை எடுத்தால், உடனே அங்கே மழை பெய்கிறதா என்று விசாரிப்பாய். கடிதத்திடம் அந்த வித்தை பலிக்காது.

மழை பெய்தது. முதல் அறுப்புப் புல் வயலிலேயே நனைந்து கறுத்துவிட்டது. போன வாரம் பக்கத்துப் பண்ணைக் கிடாரி ஒன்று என் துப்பாக்கிப் பட்டறைக்குள் புகுந்து, லேத்துக்கு அருகே சாணி போட்டுவிட்டுப் போயிற்று. இந்த வருஷம் என் வேலையைக் குறை சொன்ன முதல் ஆள் அதுதான்.

உனக்கு நான் செய்துகொண்டிருக்கும் ரைபிள் விஷயத்துக்கு வருகிறேன். குழல் வந்துவிட்டது. ஏழு மில்லிமீட்டர், நல்ல எஃகு. வால்நட் கட்டையையும் உன் தோளுக்கு ஏற்றபடி இழைத்து வைத்திருக்கிறேன். தோட்டா உட்காரும் அறையை எந்தத் தோட்டாவுக்குக் கடைவது என்பதில்தான் தகராறு. இருபத்தெட்டு என்ற பெரிய தோட்டாவுக்குக் கடையச் சொல்லியிருக்கிறாய். ரயிலில் உன்னோடு வேலை பார்க்கும் ட்ரென்ட், "எண்ணூறு கெஜத்துல எல்க் மானைச் சாய்க்கணும்னா, அதுக்குக் கீழ எல்லாம் பொம்மைத் துப்பாக்கிதான்" என்றானாம். எண்ணூறு கெஜத்தில் அவன் எதைச் சாய்த்தான் என்று எனக்குத் தெரியாது. பாரில் அவனே சாய்ந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

நான் இருநூற்றெண்பது என்ற சின்னத் தோட்டாவே போதும் என்கிறேன். இரண்டுக்கும் ஒரே குழல், முன்னால் பாய்ந்து போகும் ரவையும் ஒன்றே. வித்தியாசம் பின்னால் இருக்கும் பித்தளைக் கூட்டிலும் அதில் அடைக்கும் வெடிமருந்திலும்தான். இருபத்தெட்டில் மருந்து மூன்றில் ஒரு பங்கு அதிகம். ரவை இன்னும் வேகமாகப் போகும், காற்றுக்குக் கொஞ்சம் குறைவாக விலகும். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தோளில் விழும் உதையும் அதற்கேற்றபடி இருக்கும். ரவை நுழைகிற குழலின் தொண்டை வேறு சீக்கிரம் எரிந்துபோகும். அதற்குப் பயந்து பழகிச் சுடாமலே விட்டுவிட்டு, கைக்குப் படியாத துப்பாக்கியோடு மலை ஏறுவாய். அறுநூறு கெஜத்துக்குள் இருநூற்றெண்பதே தாராளம். அதற்கு அப்பால் மிருகம் நின்றால் எழுந்து கிட்டே போகலாம். நம் கால்கள் இன்னும் கழன்று விழவில்லை.

இதெல்லாம் கணக்கு. இனி எழுதப்போவதுதான் கஷ்டம்.

போன நவம்பரில் நீ சுட்ட எல்க் கடாவை மறந்திருக்க மாட்டாய். வயிற்றில் அடிபட்டு ஓடிய அதைப் பனியில் ரத்தம் பார்த்துப் பார்த்துத் தேடினோம். மறுநாளும் தேடினோம். கிடைக்கவில்லை. நீ வேட்டைச் சீட்டை எடுத்து, மிருகம் கைக்கு வந்ததுபோலவே மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி, அந்த வருஷ வேட்டையை முடித்துக்கொண்டாய். சட்டம் அதைக் கேட்கவில்லை. கைக்கு வராவிட்டாலும் நாம் கொன்றது நம் கணக்கில்தான் என்று நம் ஆட்கள் செய்வதைச் செய்தாய். எனக்கு உன்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. திரும்பும் வழியில் நீ சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ரவைக்குப் பலம் பத்தல."

லோவெல், நான் பக்கத்தில் தொலைநோக்கியோடு படுத்திருந்தேன். பலம் போதாமல் இல்லை. இடம் தப்பியது.

ஏன் தப்பியது என்ற சந்தேகத்தில்தான் ஈஸ்டருக்கு நீ வந்தபோது, நாம் சுட்டுப் பழகும் ஜல்லிக் குழியில், பலமாக உதைக்கும் என் மேக்னம் துப்பாக்கியை உன்னிடம் கொடுத்தேன். தோட்டாக்களை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துத் தந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நடுவில் ஒன்று மருந்தில்லாத டம்மி. விசையை இழுத்தாய். வெறும் 'டிக்'. வெடிக்காத துப்பாக்கி அசையக் கூடாது. ஆனால் வராத உதைக்கே உன் தோள் முன்னால் பாய்ந்தது, குழல் முனை சேற்றைப் பார்த்தது, கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. "உன் சரக்கு நமுத்துப்போச்சு அக்கா" என்று சிரித்தாய். நீ கூட்டி வந்த ட்ரென்ட் அங்கே நின்றதால் நானும் சிரித்து வைத்தேன். சூழ்ச்சிக்காரி என்று திட்டுவதானால் திட்டிக்கொள்.

இது எங்கே தொடங்கியது என்று உன் வலது புருவத்துப் பிறைத் தழும்பைப் பார்த்தாலே தெரியும். பதினாலு வயதில் அப்பாவின் பெரிய துப்பாக்கி உதைத்து, அதன் மேல் குறிபார்க்க வைத்திருந்த ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிளந்தது. ரத்தம் கண்ணில் வழிய நின்றாய். அப்பா, "ஒண்ணும் ஆகல, இன்னொண்ணு சுடு" என்றார். சுட்டாய். சித்தப்பாக்கள் எல்லாம் கைதட்டிச் சிரித்தார்கள். அதை இன்றுவரை கிறிஸ்துமஸ் விருந்தில் வேடிக்கைக் கதையாகச் சொல்கிறோம். நீயே சொல்கிறாய். எனக்கு அந்தச் சிரிப்பு ஒருநாளும் பிடித்ததில்லை. பெண்பிள்ளை என்று எனக்குச் சின்னத் துப்பாக்கி கொடுத்தார்கள். நான் உன்னைவிட நேராகச் சுடுவதற்கு அதுதான் காரணம், வேறு சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

இந்த வருஷ வேட்டைச் சீட்டுக் குலுக்கலில் நீ இத்தனை காலம் காத்திருந்த பிரேக்ஸ் பகுதிச் சீட்டு விழுந்திருக்கிறது. நம் வயதுக்கு இது இன்னொரு முறை விழாது. மார்லிஸ் போனில் அழுதாள். "இன்னொண்ணு காயத்தோட தப்பிச்சுதுன்னா எல்லாத்தையும் வித்துட்டு, இனிமே மலைப்பக்கமே போகமாட்டேங்கறாரு அண்ணி. சொன்னா செஞ்சுடுவாரு" என்றாள். மலைக்குப் போகாத உன்னை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதனால் நேற்று இருநூற்றெண்பதுக்கே கடைந்துவிட்டேன். கத்தாதே. கடைந்த அறையைப் பெரிதாக்கலாம், சின்னதாக்க முடியாது. இருபத்தெட்டுதான் வேண்டும் என்று கடைசியில் நீ சொன்னால், உன் கண் முன்னாலேயே அகலப்படுத்தித் தருகிறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். குழலில் தோட்டாவின் பெயரை இன்னும் பொறிக்கவில்லை. நீ வரும்வரை அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

ஆகஸ்டில் வா. ட்ரென்டை விட்டுவிட்டு வா. மார்லிஸின் பிளம் ஜாம் இரண்டு பாட்டில் கொண்டுவா. ஜல்லிக் குழிக்கு நாம் இரண்டு பேர் மட்டும் போவோம். இந்த முறை டம்மி இருக்கிறது என்று முன்பே சொல்லிவிட்டுத்தான் கலப்பேன். உனக்குப் பின்னால் உட்கார்ந்து இலக்கை மட்டும் பார்ப்பேன், உன் முகத்தைப் பார்க்க மாட்டேன். கண்ணைத் திறந்தபடி ஒன்று சுட்டுப் பார். முடியாவிட்டால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, "வலிக்குது அக்கா" என்று சொல். பதினாலு வயதில் உன்னை யாரும் சொல்லவிடவில்லை. இப்போது சொல், நான் சிரிக்க மாட்டேன்.

கர்த்தர் உன் கண்ணையும் கையையும் காக்கட்டும்.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
அக்கா ஆர்டிஸ்