பதின்மூன்றாவது துளை

காலி, மகல்லை, இலங்கை
1931, வெசாக் பௌர்ணமி கழிந்த நான்காம் நாள்

அன்பு மகள் எமலினுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் சிங்கப்பூரில் மாமா வீட்டில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பியே தொடங்குகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, வள்ளத்தில் ஏறாதே என்றால் கேட்கிற ஜன்மமா அது. கப்பலில் வரும் கரோலிஸ் கையில் புளி போட்டு வற்றவைத்த அம்புல் தியல் மீன் ஒரு சட்டி கட்டிக் கொடுத்திருக்கிறேன், மாமி கேட்டாலும் கொடு, கேட்காவிட்டாலும் கொடு. மூன்று வருடமாக உனக்கு மீனையும் மழையையும்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத வேண்டியதை எழுதவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன், நடுவில் மடித்து வைக்காமல் படி.

போன மாதம் கோட்டைக்குள் இருந்து நமக்கு வேலை தரும் எஜமானி கொர்னேலியா நோனா, குண்டூசி நடத் துளை குத்திய தன் வீட்டு லேஸ் அட்டையை எனக்கு அனுப்பினார். நீ திருட்டுத்தனமாக நகல் குத்தி எடுத்தாய் என்று பழி போட்டாரே, அதே அட்டைதான். அவர் முப்பாட்டனார் ஒல்லாந்தில் இருந்து கப்பலில் கொண்டுவந்தது என்று ஊருக்கே சொல்லுவாரே. ஒல்லாந்துத் துரைமார் போய் இங்கிலீஷ் துரைமார் வந்தும் கோட்டை வீடுகளில் அட்டை மாறவில்லை, லேஸ் தலையணையில் நூல் சுற்றிய பீரலுக் கட்டைகளை உருட்டுவதும் நம் தெருப் பெண்கள்தான். அந்த அட்டையில் இருப்பது ஒரே பூ, அதை நகர்த்தி நகர்த்தி வைத்துத்தான் நாம் வேலை செய்கிற நீள அட்டைப் பட்டையில் குத்துவார்கள். குத்திக் குத்தித் துளைகள் அகன்றுவிட்டன, புதிதாக ஒன்று எடுத்துத் தா என்று சொல்லியனுப்பினார்.

இருபது வருடம் அந்த வீட்டுப் பட்டையில் வேலை செய்தும் மூல அட்டையை நான் கையில் வாங்கியது அன்றைக்குத்தான். திருப்பி வெயிலில் பிடித்தேன். ஊசித் துளை என்றால் பின்பக்கம் விரலுக்குத் தட்டும் அல்லவா, பன்னிரண்டு துளை தட்டுகிறது, பதின்மூன்றாவது தட்டவில்லை. ஓரமெல்லாம் பிய்ந்து கிடக்கிறது. ஐயோ மகளே, அது பூச்சி அரித்த ஓட்டை. அந்த ஓட்டையிலும் ஒரு குண்டூசி நட்டு, அதைச் சுற்றி ஒரு நூலையும் வளைத்து, அதுதான் ஒல்லாந்து வேலையின் நயம் என்று இத்தனை காலம் பெருமை பேசியிருக்கிறோம்.

பெட்டியின் அடியில் கிடந்த, நீ அன்றைக்குப் பின்னிய லேஸ் துண்டை எடுத்து ஊசித் தடங்களை எண்ணினேன். உன் பூவுக்குப் பன்னிரண்டு. அட்டையை மேலே வைத்துப் பார்த்தேன், ஒரு துளைகூடப் பொருந்தவில்லை, இதழ்கூட மறுபக்கம் சாய்கிறது. நோனாவின் அட்டையை மேலே வைத்து நகல் குத்தியவள் என்றால் பூச்சி ஓட்டையையும் சேர்த்துத்தான் குத்தியிருப்பாள். நீ அன்றைக்கே சொன்னாய், "அம்மா, வாசல்ல இருக்கிற அரலிய மரத்து வெள்ளைப் பூவைப் பார்த்து நானே போட்டது" என்று. வாயை மூடு என்றேன். நோனா கோபித்துக்கொண்டால் தெரு முழுக்க வேலை நின்றுபோகும் என்ற பயத்தில், அவர் கண்ணெதிரே உன் அட்டையைப் பிடுங்கி அடுப்பில் போட்டேன். அது சுருண்டு எரிந்தபோது நீ அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். அடுத்த மாதம் கப்பல் ஏறிவிட்டாய்.

மறுநாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போனேன். நோனா பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். "லூசிஹாமி, இந்தச் சுழிதான் எங்க வீட்டு லேஸுக்கே அழகுன்னு எங்க அம்மா சொல்லுவாங்களே" என்றார். "அது பூச்சி வச்ச அழகு நோனா. எம்பொண்ணு மேல பழியை எத்தனை பேர் முன்னால சொன்னீங்களோ, அத்தனை பேர் முன்னால திருப்பிச் சொல்லணும்" என்றேன். எனக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, மூன்று வருடம் தாமதமாக வந்தது என்பது மட்டும் தெரியும். ஆனால் அந்த மனுஷியையும் சொல்ல வேண்டும், மறுவாரமே ரிக்‌ஷாவில் நம் வீட்டுக்கு வந்து, பாயில் எங்களோடு உட்கார்ந்து, "எமலின் திருடலை. நான்தான் பார்க்காம பேசிட்டேன்" என்று தெருப் பெண்கள் எல்லோரிடமும் சொன்னார். பக்கத்து வீட்டுப் பாபுநோனா சும்மா இருப்பாளா, "அப்போ இத்தனை நாளா பூச்சிக்கிட்டயா நோனா நாங்க வேலை கத்துக்கிட்டோம்?" என்று கேட்டுவிட்டாள். கொர்னேலியா நோனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. புது அட்டையிலும் அந்த ஓட்டையைக் குத்தச் சொல்லிவிட்டுத்தான் போனார், இல்லாவிட்டால் அவர் அம்மாவின் லேஸ் மாதிரி இருக்காதாம்.

நோனா சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். நான் உன்னைப் பெற்றவள், உன் பேச்சை நம்பாமல் உன் கை வேலையை நெருப்பில் போட்டவள். தாய் மகளிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நம் வீட்டில் இல்லை, நான் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

புத்தம், தர்மம், சங்கம் என்ற மும்மணிகளும் உனக்குக் காவல் இருக்கட்டும். ஈரத்தலையோடு படுக்காதே, மாமியிடம் எதிர்த்துப் பேசாதே. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. உன் லேஸ் துண்டைப் பார்த்துத் துளை துளையாக எண்ணி, எரித்த அட்டையை மறுபடி குத்திக்கொண்டிருக்கிறேன். நேர்ப்பட்டை முழுவதும் முடிந்துவிட்டது. லேஸ் வளையும் மூலையில் பூ எப்படித் திரும்புகிறது என்று அந்தத் துண்டில் இல்லை, எனக்கும் தெரியவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதை நீ வந்துதான் குத்த வேண்டும்.

உன் அம்மா
லூசிஹாமி