பூனை பேசும் பெட்டி

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று நேற்றுப் போனில் சொன்னேன். கடையில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. எந்த வீடியோ கேம் பெட்டி வாங்கினீர்கள் என்று நீ கேட்டபோது, இன்னும் முடிவாகவில்லை என்று மழுப்பிவிட்டேன். உன் மகள் என் எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் முன்னால் பேச முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். உன்னைவிட ஏழெட்டு வயதுதான் நான் பெரியவள், மகளுக்கு என்று எழுதும்போது எப்போதும் ஒரு கூச்சம் வரும், இன்று கூச்சத்துக்கு இடமில்லை, அத்தனை பயமாக இருக்கிறது. உனக்கு இருமல் நின்றதா? அன்றைய பயிற்சி முடிந்து அறைக்கு வந்தபின், உட்கார்ந்து படி.

சுடுவது குத்துவது எதுவும் வேண்டாம், ஐந்து வயதுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லித்தரும் வீடியோ கேம்தான் வேண்டும் என்று நீ சொன்னபடி, கடைக்குப் போகுமுன்பே நான் எல்லாவற்றையும் பற்றிப் படித்து வைத்திருந்தேன். வீடு வாங்குறவங்ககூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க என்றார் உன் அப்பா. டிவியில் மாட்டுவது பெரிய பிள்ளைகளுக்கு, காமிரா முன்னால் குதித்து ஆடுவதற்கு நம் வீட்டில் இடமில்லை, ஆகவே கையில் வைத்து ஆடும் சின்னப் பெட்டியைக் காட்டச் சொன்னேன். அதில் ஒரு பூனை இருக்கிறது. வாத்து எங்கே, மூன்று எங்கே என்று அது கேட்கும், பிள்ளை சரியான படத்தைத் தொட வேண்டும். நம் குட்டி பெட்டியைக் கையில் வாங்கியதும் தொட்டாள். எல்லாம் தப்பு. பூனை திரும்பத் திரும்பக் கேட்கிறது, இவள் கண்டதைத் தொட்டுவிட்டு விற்கிற பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறாள். அந்தப் பெண் குனிந்து, வாத்து எங்கடா செல்லம் என்றாள். உடனே வாத்தைத் தொட்டாள். மூன்றும் அப்படியே. மெஷின் சொன்னா கேக்க மாட்டா, மனுஷங்க சொன்னாதான் கேப்பா போல என்று அந்தப் பெண் சிரித்தாள். எங்க பரம்பரையே அப்படித்தாம்மா, சொன்ன பேச்சைக் கேட்டதே இல்ல என்று உன் அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டே பெட்டியின் சத்தத்தைக் கூட்டினார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டியைக் கையில் வைத்திருந்தவள் மட்டும் அசையவில்லை. நான் அவள் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் பின்னால் குனிந்து, குட்டி, ஐஸ்கிரீம் வேணுமா என்றேன். ஐஸ்கிரீமுக்குத் திரும்பாத பிள்ளையா அவள்? திரும்பவில்லை.

எப்படி இத்தனை நாள் தெரியாமல் போனது என்று நீ கேட்பாய். நம் வீட்டை நினைத்துப் பார். கீழே மரப் பட்டறை, நாள் முழுக்க அறுவை மிஷின், மேலே நாம். இந்த வீட்டில் யாரும் யாரையும் முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டுப் பயனில்லை. தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே வந்து, வாயை நன்றாகத் திறந்து பேசுவோம், சாப்பாடு என்றால் தரையில் காலால் தட்டுவோம். பலகைத் தரை அதிரும், அவள் ஓடி வருவாள். வேறு எந்த வீடாக இருந்தாலும் எப்போதோ கண்டுபிடித்திருப்பார்கள். அவளுக்குச் சில எழுத்து சரியாக வராததை மழலை என்று நாம் எல்லோரும் கொஞ்சினோம். போனில் உன் படம் அசையாமல் நின்றால் அவள் பதில் சொல்வதில்லை, அம்மா மேல கோபம் போல என்று நீ வருத்தப்பட்டாயே, அது கோபம் இல்லை, உன் உதடு அசைவது தெரியாததுதான்.

வீட்டுக்கு வந்து, குட்டிக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போல என்று அப்பாவிடம் சொன்னேன். நீ மொதல்ல புத்தகத்த மூடு, படிச்ச வியாதியெல்லாம் யாருக்காவது வந்திருக்கான்னு தேடிட்டே இருப்ப என்றார். போன வருஷம் என் தலைவலிக்கு நான் வைத்த பெயரெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் மத்தியானம் அவர் மிஷினை நிறுத்திவிட்டு மேலே வந்தார். படம் வரைந்துகொண்டிருந்தவளின் பின்னால் நின்று, உன்னைச் சின்ன வயதில் கூப்பிடுவாராமே, அந்தச் சீட்டியை அடித்தார். இன்னொரு முறை அடித்தார். பிறகு உதடு குவிந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு மிஷினைப் போடவே இல்லை. என் பொண்ணும் இந்தச் சத்தத்துலதானே வளந்தா, அவளுக்கு ஒண்ணும் ஆகலையே என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கும் அதே கேள்விதான். நீ எங்களை நம்பி விட்டுப்போன பிள்ளை. நம் மிஷின்தான் அவள் காதைத் தின்றுவிட்டதா, பிறக்கும்போதே இப்படியா, இன்னும் குறையுமா, எதுவும் தெரியாமல் இந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே கண்ணாடி அறையில் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தாத்தா மடியில் இருக்கிறாள். என்னைப் பார்த்துக் கையாட்டுகிறாள். சத்தம் கேட்டால்தான் கையைத் தூக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் நான் பதிலுக்குக் கையாட்டாமல் இருக்கிறேன்.

உடனே கிளம்பி வராதே, பயிற்சியைப் பாதியில் விடாதே, அழுதால் அழுதுவிட்டுச் சாப்பிடு. எங்கள் மேல் கோபம் வந்தால் என்னிடம் காட்டு, அப்பாவிடம் இப்போது வேண்டாம். நீ எடுத்த காரியம் நல்லபடி முடிந்து, உன் மகளை நீயே வந்து அள்ளிக்கொள்ள வேண்டும், அதுதான் என் வேண்டுதல். ஒன்றை மறந்துவிடாதே, இனி போன் பேசும்போது படுத்துக்கொண்டு பேசாதே, ஜன்னலை முதுகுக்கு விடாதே, விளக்கு உன் முகத்தில் விழும்படி உட்கார்.

உன் சித்தி

கையெழுத்துப் போட்டபின் உள்ளே கூப்பிட்டார்கள். வலது காதில் கொஞ்சம் கேட்கிறது, கருவி வைக்கலாம். இடது காதில் மிகவும் குறைவு. எதனால் என்று இன்னும் சொல்ல முடியாதாம். டாக்டர் முகத்தில் மாஸ்க் போட்டிருந்தார். அவர் பேசி முடிக்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டாக்டர் மாமா என்ன சொன்னாரு என்று குட்டி என்னைக் கேட்டாள். நான் அவளுக்கு நேரே தரையில் உட்கார்ந்து சொன்னேன்.